வயதானவர் இருக்கிற வீட்டுக்கு எந்தத் தராசு? கண்ணாடி, முள், புளூடூத் மூன்றையும் பார்த்தால்

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஆள் நிறை பார்க்கும் தராசு வாங்கப் போனால் மூன்று வகை காட்டுவார்கள். கண்ணாடித் தட்டும் இலக்கத் திரையும் உள்ள சாதாரண டிஜிட்டல் தராசு ஒன்று. சுருள்வில்லில் முள் ஓடும் பழைய வகை ஒன்று. கைபேசியோடு புளூடூத்தில் இணைந்து கொழுப்பு, தசை, எலும்பு, 'உடல் வயது' என்று ஒரு பட்டியலே தரும் தராசு மற்றது. வீட்டில் அறுபத்தைந்து தாண்டிய அம்மம்மாவோ அப்பாவோ இருந்தால் எதை எடுப்பது என்பதுதான் இங்கே பேச்சு. எங்கள் முடிவு: சாதாரண டிஜிட்டல் தராசை எடுங்கள், புளூடூத்துக்காக மேலதிகக் காசு கொடுக்காதீர்கள், மிச்சக் காசில் தையற்காரர் பாவிக்கும் அளவுநாடா ஒன்று வாங்குங்கள்.

காரணம், வயது போனவரிடம் தராசு முதலில் பிடித்துத் தர வேண்டியது மெலிவை. இளம் ஆட்களுக்கு நிறை கூடுவதுதான் பெரும் கவலை. எழுபது வயதுக்காரர் ஒருவர் தான் நினைக்காமலே ஆறு மாதத்தில் தன் நிறையில் நூற்றுக்கு ஐந்து பங்கை இழந்தால், அவர் பார்வைக்கு எப்படி இருந்தாலும் வைத்தியரிடம் போக வேண்டும். 60 கிலோ ஆளுக்கு அது 3 கிலோ. 48 கிலோ ஆச்சிக்கு 2.4 கிலோ. கண்ணுக்குத் தெரிய முன்பே இந்த வித்தியாசத்தைக் காட்டுகிற தராசுதான் நமக்குத் தேவை. அந்த அளவுகோலை வைத்தே மூன்றையும் பார்த்தோம்.

முள் தராசுக்குப் பற்றரி தேவையில்லை, கரண்ட் தேவையில்லை, விழுந்தாலும் உடையாது. ஆனால் முகப்பில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையில் 1 கிலோ. மேலே நிற்பவர் குனிந்து பார்க்கும்போது முள் ஒரு பக்கம் சாய்ந்து தெரியும், குனிவதால் முள்ளும் ஆடும். பார்வை மங்கியவருக்கு இலக்கமே பிடிபடாது. சுருள்வில் நாளடைவில் தளரும். ஆள் இறங்கியபின் முள் பூச்சியத்துக்கு வராமல் நின்றால் ஓரத்தில் இருக்கும் சிறு சில்லைத் திருப்பிப் பூச்சியத்துக்குக் கொண்டுவரலாம், ஆனால் தளர்ந்த வில்லை அது நிமிர்த்தாது. பூச்சியத்தில் சரியாகவும் 60 கிலோவில் பிழையாகவும் காட்டும் முள் தராசுகள் இப்படித்தான் உருவாகின்றன. 2.4 கிலோ வித்தியாசத்தைத் தேடும் வேலைக்கு இது காணாது. ஏற்கெனவே வீட்டில் இருந்தால் பாவியுங்கள், புதிதாக வாங்க வேண்டாம்.

டிஜிட்டல் தராசின் நான்கு மூலைக் கால்களிலும் பாரத்தை உணரும் சிறு உலோகத் துண்டு ஒவ்வொன்று இருக்கிறது. நான்கும் சமமாகத் தரையில் ஊன்றினால்தான் கணக்குச் சரியாகும். வன்னி வீடுகளில் பிழை பிறக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். சாணி மெழுகிய தரை, மண் திண்ணை, கொட்டிலுக்குள் விரித்த தறப்பாள், பாய், கால்துடைப்பான் எல்லாவற்றிலும் கால்கள் சற்றே புதையும், நிறை பெரும்பாலும் குறைத்துக் காட்டும். சீமெந்துத் தரைதான் நல்லது. அது வெடித்து மேடுபள்ளமாக இருந்தால், அல்லது மண் தரைதான் உண்டென்றால், தராசைவிடப் பெரிய தடித்த பலகை ஒன்றை ஆடாமல் பதித்து அதன்மேல் வையுங்கள். இடத்தைத் தெரிவுசெய்தபின் மாற்ற வேண்டாம்.

கடையிலேயே பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியவை சில உண்டு. கண்ணாடித் தட்டு முப்பது சென்டிமீற்றர் அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். ஒடுங்கிய தட்டில் வயதானவர் கால்களை ஒட்டி நிற்க வேண்டும், தடுமாறுவார். தட்டு வழுவழுவென்று இராமல் சொரசொரப்பு வரிகளோடு இருக்கட்டும். உயரம் மிகக் குறைந்ததாக, அடியில் றப்பர் கால்கள் நான்கும் கழன்றுபோகாமல் இருக்கட்டும். இலக்கம் பெரிதாக, நூறு கிராம் படியில் காட்ட வேண்டும். அடியில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். கிலோவிலிருந்து இறாத்தலுக்கு மாற்றுவது அது. கை பட்டு மாறினால் 55 கிலோ ஆள் 121 என்று காட்டுவார். தராசு பழுது என்று திருப்பிக் கொண்டுபோவதற்கு முன் அந்தப் பொத்தானைப் பாருங்கள். சில தராசுகளில் காசு வடிவ பற்றரி, சிலவற்றில் மூன்று சிறு பற்றரி. சிறு பற்றரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் என்பதால் மல்லாவி, நெடுங்கேணிப் பக்கம் உள்ளவர்களுக்கு அதுவே வசதி.

பிறகு சோதனை. ஏறி நில்லுங்கள், இலக்கம் நின்றதும் குறியுங்கள். இறங்கி, ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை நிரப்பிக் கையில் பிடித்தபடி ஏறுங்கள். ஐந்து கிலோவும் போத்தலின் நிறையான சில நூறு கிராமுமே கூட வேண்டும். மறுபடி போத்தல் இல்லாமல் ஏறுங்கள். முதலாவதும் மூன்றாவதும் 200 கிராமுக்குள் ஒத்துப்போனால் நல்ல தராசு. நடுவில் போத்தலைப் பிடிப்பது சும்மா அல்ல. மலிவுத் தராசுகள் சிலவற்றுக்குள் ஒரு தந்திரம் இருக்கிறது: முன்பு காட்டிய நிறைக்குக் கிட்டத்தட்ட அதே நிறை மறுபடி வந்தால், புதிதாக அளக்காமல் பழைய இலக்கத்தையே காட்டிவிடும். மூன்று தரமும் 58.4 என்று அச்சுப்போல வந்தால் துல்லியம் என்று மயங்குவோம். இடையில் நிறையை மாற்றினால் அந்த வேடம் கலைந்துவிடும்.

உண்மையான நிறைக்கு எவ்வளவு கிட்ட நிற்கிறது என்று பார்க்க, ஊரில் நெல் நிறுக்கும் மில்லில் முத்திரை குத்திய தராசு இருந்தால், அதே உடுப்போடு, அதே மணித்தியாலத்துக்குள் ஒருவர் இரண்டிலும் நிறுத்துப் பார்க்கலாம். அரைக் கிலோ வித்தியாசம் வந்தால் பரவாயில்லை. எப்போதும் அதே அரைக் கிலோ வித்தியாசமாக இருந்தால் போதும்.

தராசை இடம் மாற்றினால், நிமிர்த்திச் சுவரில் சாத்திவிட்டு எடுத்தால், முதல் தரம் காட்டும் இலக்கத்தை நம்ப வேண்டாம். ஒரு காலால் அழுத்தி எழுப்பி, அது தானாக அணையும்வரை விட்டு, பிறகு ஏற வேண்டும். அணைந்து எழும்போதுதான் பூச்சியத்தைத் திருத்திக்கொள்கிறது.

புளூடூத் தராசை ஏன் வேண்டாம் என்கிறோம்? நிறையை அது நன்றாகத்தான் காட்டும். மற்றக் கணக்குகளில்தான் சிக்கல். உள்ளங்கால்களுக்கு இடையே மிகச் சிறு மின்னோட்டத்தை விட்டு, அதற்குக் கிடைக்கும் தடையை வைத்து உடலில் உள்ள நீரைக் கணக்கிட்டு, அதிலிருந்து கொழுப்பையும் தசையையும் ஊகிக்கிறது. மின்னோட்டம் ஒரு காலால் ஏறி மறு காலால் இறங்கிவிடும், நெஞ்சுப் பக்கம் முழுக்க ஊகம். வயல் வேலையில் வெடித்துக் காய்ந்த குதிக்கால் மின்னோட்டத்தைச் சரியாகக் கடத்தாது. கால் வீங்கியவருக்கு அந்த நீர் 'தசை' என்று எழுதப்படும். இதயத் துடிப்புக்குக் கருவி பொருத்தியவர் இதில் ஏறவே கூடாது. எல்லாவற்றையும்விட மோசம், செயலி தரும் தீர்ப்பு. எழுபத்திரண்டு வயது அம்மாவுக்கு, உயரத்துக்கு ஏற்ற நிறையா என்று சொல்லும் உடற்திணிவுச் சுட்டி (BMI) 24 வந்ததும் செம்மஞ்சள் நிறத்தில் 'நிறை கூட' என்று காட்டும். அம்மா இராச்சாப்பாட்டை விட்டுவிடுவார். அந்தச் செம்மஞ்சள் நிறம் வயதைப் பாராமல் வளர்ந்தோர் எல்லாருக்கும் பொதுவாக வைத்த எல்லைக்கோட்டில் போட்டது.

உடற்திணிவுச் சுட்டி என்பது கிலோவில் நிறையை, மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது. பெல்ஜியக் கணிதவியலாளர் கெட்டலே 19ஆம் நூற்றாண்டில் மக்கள் கூட்டத்தை விவரிக்க வைத்த வாய்ப்பாடு, 1972இல் ஆன்செல் கீஸ் இந்தப் பெயரைக் கொடுத்தார். உலக சுகாதார நிறுவனத்தின் பொது எல்லை 18.5 முதல் 24.9. ஆசியர்களுக்குச் சீனி வருத்தமும் இதய நோயும் குறைந்த நிறையிலேயே வருவதால் 23, 27.5 என்ற இரண்டு எச்சரிக்கைப் படிகளை 2004இல் சேர்த்தார்கள். இவை வளர்ந்தோர் எல்லாரையும் ஒன்றாக வைத்துச் சொன்னவை. 65 வயதுக்கு மேற்பட்ட கிட்டத்தட்ட இரண்டு இலட்சம் பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2014இல் வெளிவந்த ஆய்வில், சுட்டி 23க்குக் கீழே இறங்க இறங்க இறப்பு ஆபத்து கூடியது. 25 தாண்டியவுடன் கூடவில்லை, 33க்கு மேலேதான் தெளிவாகக் கூடியது. அதில் பெரும்பாலானோர் மேற்கு நாட்டவர் என்பதால் அந்த 33ஐ நாமும் தாராளமாக எடுக்க முடியாது. முதியோர் மருத்துவத்தில் பலரும் பாவிக்கும் 22 முதல் 27 என்ற வரம்பு நமக்கு நியாயமான நடுவழி. அதனுள் நிறை நிலையாக நின்று, ஆள் தன் பாட்டில் நடந்து திரிந்தால் இலக்கத்துக்காகப் பட்டினி கிடக்கத் தேவையில்லை. அதோடு இடுப்புச் சுற்றளவையும் பாருங்கள்: ஆண் 90 சென்டிமீற்றர், பெண் 80 தாண்டினால் சுட்டி 22 ஆக இருந்தாலும் சீனியைப் பரிசோதிக்க வேண்டும்.

சுட்டியில் நிறையைவிடக் கூடப் பிழை வருவது உயரத்தால். முப்பது வயதுக்கும் எழுபதுக்கும் இடையில் ஆண்கள் சராசரி 3 சென்டிமீற்றரும் பெண்கள் 5 சென்டிமீற்றரும் குறுகுகிறார்கள், பிறகு இன்னும் வேகமாக. முள்ளந்தண்டு வளைந்த 58 கிலோ அம்மா ஒருவரை எடுங்கள். இளமையில் அவர் உயரம் 1.60 மீற்றர், அப்படியானால் சுட்டி 22.7. இன்று அளந்தால் 1.54, சுட்டி 24.5. ஒரு கிராம் கொழுப்பும் ஏறாமலே சுட்டி ஏறிவிட்டது. (உயரம் நான்கு சென்டிமீற்றர் அளவு குறைந்திருந்தால் முள்ளந்தண்டு எலும்பு நொறுங்கியிருக்கலாம், அதைத் தனியாக வைத்தியரிடம் சொல்லுங்கள்.)

கூனல் விழுந்தவருக்கு அளவுநாடா கைகொடுக்கும். கையைத் தோள் மட்டத்தில் பக்கவாட்டில் நேரே நீட்டச் சொல்லி, கழுத்துக்குக் கீழே நெஞ்செலும்பின் குழியிலிருந்து நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடைப்பட்ட அடி வரை அளக்க வேண்டும். பெண் என்றால் அந்தச் சென்டிமீற்றரை 1.35ஆல் பெருக்கி 60.1 கூட்டுங்கள். ஆண் என்றால் 1.40ஆல் பெருக்கி 57.8 கூட்டுங்கள். 70 சென்டிமீற்றர் வந்த பெண்ணுக்கு உயரம் 154.6. ஐரோப்பியரை வைத்துக் கட்டிய வாய்ப்பாடு இது, ஓரிரு சென்டிமீற்றர் முன்பின் போகலாம். ஒருமுறை எடுத்த உயரத்தையே எப்போதும் வைத்துக்கொண்டால் மாற்றம் சரியாகத் தெரியும்.

வன்னியில் இதை எழுதிவிட்டு அங்கம் இழந்தவர்களைப் பற்றி எழுதாமல் போக முடியாது. தராசுக் கையேடுகளில் அவர்களுக்கு ஒரு வரி காண்பது அரிது. முழங்காலுக்குக் கீழே இழந்தவரின் உடல் நிறையில் சுமார் 5.9 வீதம் இல்லை. பாதம் மட்டும் என்றால் 1.5 வீதம். இடுப்போடு முழுக்கால் 16 வீதம். முழங்கைக்குக் கீழே 2.3, முழுக்கை 5 வீதம். தொடைப் பகுதியில் எடுத்திருந்தால் மிஞ்சிய நீளத்தைப் பொறுத்து 5.9க்கும் 16க்கும் இடையில் வரும், கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். கணக்கு இப்படி: பொய்க்கால் நீங்கலான நிறை 54 கிலோ, முழங்காலுக்குக் கீழே இல்லை. 54ஐ 0.941ஆல் வகுக்க 57.4. உயரம் 1.66 என்றால் சுட்டி 20.8. திருத்தாமல் விட்டால் 19.6 என்று வந்திருக்கும். இரண்டிலும் அவர் சாப்பாட்டில் கவனம் வைக்க வேண்டியவர்தான், ஆனால் அவசரத்தின் அளவு வேறு.

பொய்க்காலைக் கழற்றிவிட்டு ஒற்றைக் காலில் கண்ணாடித் தட்டில் ஏறவே வேண்டாம். பொய்க்காலோடு ஏறி நிறையை எடுங்கள், பிறகு பொய்க்காலை மட்டும் பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்துக் கழியுங்கள். ஆள் தராசில் பொய்க்காலைத் தனியே வைத்தால் சிலவற்றில் இலக்கமே எழாது, அவ்வளவு சிறு பாரத்தை அது கணக்கெடுப்பதில்லை.

ஊன்றுகோல் பாவிப்பவருக்கும் எச்சரிக்கை உண்டு. கோலைத் தரையில் ஊன்றியபடி நின்றால் கோலில் போகும் பாரம் அத்தனையும் நிறையிலிருந்து கழியும். சுவரைத் தொட்டாலும் அப்படித்தான். தராசுக்கு முன்னால் பாரமான கதிரை ஒன்றைப் போட்டு, அதைப் பிடித்து ஏறி, ஒருவர் பக்கத்தில் நிற்க, இலக்கம் நிற்கும்வரை சில செக்கன் கையை விட்டால் போதும். அதுவும் முடியாதவரை ஏற்ற வேண்டாம். தராசின்மேல் பலகை போட்டுக் கதிரை வைக்கும் யோசனையும் வேண்டாம், திரை மறைந்துவிடும், ஆள் சரிந்தால் இடுப்பெலும்புதான் போகும்.

அப்படிப்பட்டவருக்கு அளவுநாடாவே தராசு. கதிரையில் இருத்தி, பாதம் தரையில் படிய, முழங்கால் செங்கோணத்தில் மடங்கியிருக்க, கெண்டைக்காலின் மிகத் தடித்த இடத்தைச் சுற்றி இறுக்காமல் அளவெடுங்கள். ஆசிய நாடுகளின் தசை மெலிவுக் குழு 2019இல் வைத்த எல்லை ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 சென்டிமீற்றர். அதற்குக் கீழே என்றால் தசை கரைகிறது என்று சந்தேகிக்க வேண்டும். கால் வீக்கம் உள்ளவரில் இந்த அளவு ஏமாற்றும். எழும்பக்கூடியவர் என்றால் இன்னொரு சோதனை: கைகளை நெஞ்சில் குறுக்கே கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து ஐந்து தரம் எழும்பி இருக்கச் சொல்லுங்கள். 12 செக்கனோ அதற்கு மேலோ எடுத்தால் பலம் குறைந்துவிட்டது. கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நாடா வாங்கும்போது துணி நாடா வேண்டாம், அது இழுபடும். இழை பதித்த பிளாஸ்திக் நாடாவை ஒரு இரும்பு அடிமட்டத்தோடு வைத்து ஒப்பிட்டுவிட்டு எடுங்கள்.

எப்போது நிறுப்பது? காலையில் கழிவறைக்குப் போய்வந்து, தேத்தண்ணி குடிக்க முன், செருப்பில்லாமல், மெல்லிய சாறமோ சட்டையோ மட்டும். அரை லீற்றர் குடித்தால் அரைக் கிலோ ஏறும். ஒவ்வொரு நாளும் வேண்டாம், மாதம் இரண்டு தரம் போதும். கிளினிக் கொப்பியின் பின் ஒற்றையில் திகதியோடு எழுதுங்கள். கிளினிக் தராசில் எடுத்ததையும் வீட்டுத் தராசில் எடுத்ததையும் ஒரே வரிசையில் கலக்காதீர்கள். அங்கே காலைச் சாப்பாட்டோடும் சேலையோடும் நின்றிருப்பார், தராசும் வேறு.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. இதயம் பலவீனமானவர், சிறுநீரக வருத்தக்காரர் ஒவ்வொரு நாளும் நிறுக்க வேண்டும். மூன்று நாளுக்குள் இரண்டு கிலோ ஏறினால் அது சாப்பாட்டில் வந்த சதை அல்ல, தேங்கிய நீர். கணைக்காலைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள், குழி விழுந்து நின்றால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். சிறுநீரக வருத்தம் வவுனியாப் பக்கத்தில் அதிகம் என்பதால் இந்த விடயம் இங்கே முக்கியம். உள்ளே மெலிந்துகொண்டு வெளியே நீரால் நிறை நிலையாக நிற்கிறவரும் இருப்பார். தராசு அவரைப் பிடிக்காது, தளர்ந்துபோன வளையலும் மேற்கையும்தான் காட்டும்.

நிறை இறங்கினால் முதலில் காரணத்தைத் தேடுங்கள்: கட்டுப்படாத சீனி, காசம், தைரொயிட், புற்றுநோய், மனச்சோர்வு, ஆடும் பல்செட், பசியைக் குறைக்கும் மாத்திரைகள் (மெட்ஃபோமினும் அதில் ஒன்று, தானாக நிறுத்த வேண்டாம்). தனியே இருக்கும் முதியவர் பாணும் பிளேன்ரீயுமாக நாளை ஓட்டுவதும் பெரிய காரணம். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு ஒரு கிலோ நிறைக்கு நாளுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை, 50 கிலோ ஆளுக்கு 50 முதல் 60 கிராம். ஒரு முட்டை 6 கிராம். சமைத்த மீன் நூறு கிராமில் 20 கிராமுக்குக் குறையாது. இரணைமடு, முத்தையன்கட்டுக் குளத்து மீனும் நெத்தலியும் பயறும் தயிரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அதே காசுக்குப் புரதமாவு டப்பா தேடத் தேவையில்லை. சிறுநீரக வருத்தம் உள்ளவருக்குக் கணக்கு வேறு, கிளினிக்கில் கேட்டே செய்யுங்கள்.

குறைக்க வேண்டியவரும் உண்டு. முழங்கால் நோவும் 31 சுட்டியும் உள்ளவர் குறைத்தால் நடை இலேசாகும். கிழமைக்கு அரைக் கிலோவுக்கு மேலே போகாமல், புரதத்தை வெட்டாமல், எழும்பி இருக்கும் பயிற்சியோடு செய்ய வேண்டும். இன்சுலினோ கிளிக்கிளசைட் போன்ற மாத்திரையோ எடுப்பவர் வைத்தியரிடம் சொல்லாமல் சாப்பாட்டைக் குறைத்தால் சீனி திடீரென்று இறங்கி மயங்கி விழுவார்.

தராசு வாங்கிய பற்றுச்சீட்டைப் பெட்டியோடு வையுங்கள். பாவிக்காத நாளில் தட்டையாக, ஈரமில்லாத இடத்தில், மேலே ஒன்றும் அடுக்காமல் வைக்க வேண்டும். அடிப்பக்கத்து இடுக்குகளில் எறும்பு குடியேறும், மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடையுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். காலில் சீனிப் புண் உள்ளவர் ஏறி இறங்கினால் அடுத்தவர் ஏற முன் தட்டைக் கிருமிநாசினி தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள்.